நாற்பத்தொன்றாவது செடி

நவம்பர் 27

மூன்று நாள் மழை இன்று காலை நின்றது. நாட்டுச்செடிகளை மீட்டு வளர்க்கும் திடலுக்குப் போனேன். மணல்மேடுகளில் தண்ணீர் தங்கவில்லை. பள்ளங்களில் மட்டும் கணுக்கால் அளவு நிற்கிறது. அடப்பங்கொடி ஒரே வாரத்தில் வேலிக் கம்பிவரை ஓடிவிட்டது. சாயவேர் நன்றாக இருக்கிறது. நான் நட்ட குடைவேல் கன்றுகளில் பாதி மஞ்சளாகிவிட்டன. ஏன் என்று தெரியவில்லை. எதற்குமே ஏன் என்று தெரியவில்லை.

வேலிக் கதவருகே இன்றும் நான்கு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். முன்னால் சவேரியாள். திடலில் என்னிடம் வேலை செய்யும் பன்னிரண்டு பேருக்கும் அவள்தான் தலைமை. ஆனால் குடத்தோடு வரும்போது என் ஆள் இல்லை, ஊர் ஆள்.

"லாரித் தண்ணி வந்து நாலு நாளாச்சு டீச்சர். உள்ள ஆளுக்கு ரெண்டு குடம் மொண்டுக்கிட்டுப் போயிருறோம்."

"மழைத் தண்ணி பிடிச்சு வைக்கலையா?"

"அது குளிக்கத் தொவைக்க. குடிக்க ஊத்துத் தண்ணிதான்."

இந்தத் தீவின் தென்கரையில், கூனிமுனையில், கடலுக்கு நூறடி தள்ளி மணலை இரண்டு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதைச் சிரட்டையால் மொள்வார்கள். இன்னும் ஒரு முழம் தோண்டினால் உப்பு. ஆகஸ்டில் வேலி போட்டதிலிருந்து யாரையும் உள்ளே விடுவதில்லை. காலடி பட்டால் மணல் இறுகும், நாட்டுச்செடி முளைக்காது. இதை எத்தனை முறை சொல்லிவிட்டேன்.

"மிதிபடக் கூடாதுன்னுதான் வேலியே."

பின்னால் நின்ற பிலோமி, "நாங்க என்ன ஆனையா டீச்சர்?" என்றாள். நால்வரும் சிரித்தார்கள். நான் கதவைப் பூட்டிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 2

தென்மேற்கு மூலையில், வேலியை ஒட்டிய பள்ளத்தைச் சுற்றி ஒரு செடி. விரல் நீளம். இலை தடித்து, அடியில் வெளிறி இருக்கிறது. தண்டில் மெல்லிய ரோமம். என் நாற்பது செடிப் பட்டியலில் இது இல்லை. கையிலுள்ள எந்த நூலிலும் இல்லை. இருபத்து மூன்று செடிகள். மூன்று முறை எண்ணினேன்.

டிசம்பர் 3

மாலை முழுவதும் நூல்களைப் புரட்டினேன். இல்லை. இந்தக் குறிப்பேட்டில்கூட அதற்குப் பெயர் வைக்கத் தயக்கமாக இருக்கிறது. நாற்பத்தொன்று என்று வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 9

நாற்பத்தொன்று வட்டமாக நிற்கிறது. நடுவில் பள்ளம், இரண்டு கை அகலம். பள்ளத்தின் விளிம்பில் மட்டும் செடி. அதைவிட்டு மூன்றடி தள்ளினால் ஒன்றுகூட இல்லை. காற்று சுழன்று விதைகளை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். அல்லது பள்ளத்தில் ஈரம் கூடுதலாக இருக்கலாம். விளிம்பு மணல் மட்டும் கெட்டியாக இருக்கிறது. அது ஏன் என்று பிடிபடவில்லை. மண் மாதிரி எடுத்தேன்.

ஒரே ஒரு செடியை வேரோடு எடுத்துப் பழைய செய்தித்தாளில் வைத்து, கட்டிலுக்கடியில் பெட்டியை ஏற்றி அழுத்தியிருக்கிறேன். பூ இல்லாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பூக்கட்டும்.

டிசம்பர் 20

நல்லபெருமாள் சார் போன் செய்தார். திட்டத்தின் தலைவர் அவர்தான். நிதி தரும் அறக்கட்டளைக்காரர்கள் ஜனவரி 22-ஆம் தேதி வருகிறார்கள். திடலில் நாற்பது நாட்டுச்செடிகளும் தெளிவாகத் தெரிய வேண்டும், ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டும், மற்றது ஒன்றும் இருக்கக் கூடாது என்றார்.

"பட்டியல்ல இல்லாதது ஏதாவது தட்டுப்பட்டுதாம்மா?"

"இல்ல சார்."

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதே மன்னார் வளைகுடாவில், ஆளில்லாத் தீவு ஒன்றில், ஒரு புல்லைக் கண்டுபிடித்து அவரிடம் ஓடினேன். கட்டுரை வந்தது. அவர் பெயரில். நன்றி சொல்லும் பத்தியில் படகோட்டியின் பெயருக்குப் பிறகு என் பெயர். படகோட்டி நல்ல மனிதர், அவர்மேல் வருத்தமில்லை. ஆனால் அந்தப் பத்தியை நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், பிறகு திட்ட உதவியாளர், இப்போது களப் பொறுப்பாளர். எல்லாமே ஒப்பந்தம். இந்த ஒன்று என்னுடையதாக இருக்கட்டும்.

ஜனவரி 4

மொட்டு! ஏழு செடிகளில். நீலமாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

திடலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. மெக்கானிக் திங்கட்கிழமை வருகிறாராம். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை.

ஜனவரி 11

நாற்பது வகைக்கும் ரிப்பன் கட்டி முடித்தோம். சவேரியாள் வேலையில் குறை சொல்ல முடியாது. இரண்டு நாளில் முந்நூறு முடிச்சு போட்டிருக்கிறாள். முன்பு கடலில் பாசி எடுக்க முங்குவாளாம். காதில் சீழ் வைத்து, கேட்பதே பாதியாகிவிட்டதாம். "இந்த வேல வந்த பெறகுதான் டீச்சர் காது காஞ்சிருக்கு. இப்பத்தான் மாதா கோயில் மணி ரெண்டு காதுலயும் கேக்குது" என்றாள். பிலோமி, "அதுக்காவ மாமியா பேசுறதும் சேந்து கேக்குதுன்னு அழுவுது" என்றாள்.

பொங்கலுக்குத் திருநெல்வேலிக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறேன். பதினேழு இரவு கிளம்பி வந்துவிடுவேன். அதற்குள் திடலைச் சுத்தம் செய்து வைக்கச் சொன்னேன். ரிப்பன் இல்லாத எதுவும் இருக்கக் கூடாது, ஒரு புல்கூட.

நாற்பத்தொன்றுக்கு ரிப்பன் கட்டவில்லை. கட்டினால் சார் வரும்போது கண்ணில் படும். அது மூலையில், வேலிக்கு ஒட்டி இருக்கிறது. அங்கெல்லாம் யார் போய்ச் சுத்தம் செய்யப் போகிறார்கள்.

ஜனவரி 15

உமையாளின் வீடு. கரும்பு, டிவி, பட்டிமன்றம். "அந்தத் தீவுல அப்படி என்னக்கா இருக்கு?" என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். பாதியில் குக்கர் விசில் வந்ததும் எழுந்து போனாள்.

சவேரியாள் மூன்று முறை போன் அடித்திருந்தாள். பண்டிகை நாளில்கூட நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள். எடுக்கவில்லை.

ஜனவரி 18

போய்விட்டது.

காலை ஏழரைக்குத் திடலுக்கு வந்தேன். மணல் முழுவதும் வாரியால் இழுத்த கோடுகள். ரிப்பன் கட்டிய செடிகள் மட்டும் வரிசையாக நின்றன. கதவருகே சவேரியாள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"எப்டி டீச்சர்? திருநாளுக்குக் கூட்டுன கோயில் முத்தம் மாதிரி இருக்குல்ல?"

நான் மூலைக்கு நடந்தேன். பள்ளத்தைக்கூட நிரவிவிட்டார்கள். அங்கேயும் அழகான கோடுகள்.

"இங்க இருந்ததெல்லாம் எங்க?"

"எது டீச்சர்?"

எது என்று எப்படிச் சொல்வது.

"இங்க இருந்தது."

"ரிப்பன் கட்டாத எல்லாம் புடுங்கி எரிச்சாச்சு. நீங்க சொன்னீகள்ல."

"நான் சொன்னா நீ கண்ண மூடிக்கிட்டுப் புடுங்கிருவியா?"

இத்தனை மாதத்தில் அவளை 'நீ' என்று சொன்னது இதுதான் முதல் முறை. மற்ற பெண்கள் வாரியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். சவேரியாள் என் முகத்தையே பார்த்தாள்.

"டீச்சர், நான் ஒங்களுக்குப் போனு..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். நாளையிலருந்து வர வேணாம்."

அலுவலகத்துக்கு எழுதி, வருகைப் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொன்னேன். காரணம் என்ற கட்டத்தில் 'வேலையில் கவனமின்மை' என்று நிரப்பினேன். வேறு என்ன எழுதுவது.

ஜனவரி 19

சாம்பலைக் கிளறினேன். கருகிய தண்டு மூன்று. விதை முற்றியிருக்க வழியே இல்லை, பூவே இன்னும் விரியவில்லை. கட்டிலுக்கடியில் இருப்பது ஒன்று மட்டும். அதுவும் மொட்டு வருவதற்கு முன் எடுத்தது.

இவர்களை வைத்துக்கொண்டு எதைக் காப்பாற்ற முடியும்?

ஜனவரி 22

விருந்தினர்கள் நாற்பது நிமிடம் இருந்தார்கள். அதில் இருபது நிமிடம் திட்டத்தின் பெயர்ப் பலகைக்கு முன்னால் படம் எடுக்க. "ஒரு களைகூட இல்லையே!" என்று ஒரு அம்மா வியந்தார். நல்லபெருமாள் சார் என் தோளைத் தட்டினார்.

ஜனவரி 27

இன்று வேலைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தியின் பேத்திக்குக் காதுகுத்து, மற்றவர்களுக்குக் கரையில் கணவாய் மீன் வந்திருக்கிறதாம். நேற்றும் அப்படித்தான். அதற்கு முந்தைய நாளும். யாரும் சண்டை போடவில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள்.

பிலோமி மட்டும், "சவேரியாக்கா இல்லாம எங்களுக்கு எது செடி, எது களைன்னு தெரியாது டீச்சர். ஒங்களுக்கும் கோவம் வரும்" என்றாள்.

பிப்ரவரி 5

மோட்டார் இல்லை, ஆளும் இல்லை. நானே குடம் குடமாக ஊற்றினேன், கை தோலுரிந்தது. உகாய்க் கன்றுகள் பதினொன்று பட்டுவிட்டன. ரிப்பன் மட்டும் காய்ந்த குச்சிகளில் ஆடுகிறது, வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாக.

மூலையில் மணலை நனைத்துப் பார்த்தேன். பதினைந்து நாளாக நனைக்கிறேன். ஒன்றும் முளைக்கவில்லை.

பிப்ரவரி 6

சவேரியாள் மறுபடி கடலில் இறங்குகிறாளாம். மளிகைக் கடையில் யாரோ யாரிடமோ சொன்னார்கள், என் காதில் விழும்படி.

பிப்ரவரி 10

மண் மாதிரியின் முடிவு வந்தது. பள்ளத்து விளிம்பிலும் மற்ற இடத்திலும் மணல் ஒன்றுதான், உப்பளவும் ஒன்றுதான். ஒரே வித்தியாசம், விளிம்பு மணல் இறுகியிருக்கிறது. 'தொடர்ந்து மிதிபட்ட மண்' என்று எழுதியிருந்தார்கள்.

வேலிக்குள் யார் மிதித்தார்கள்? ஆடுகூட வர முடியாதே.

அதற்குப் பிறகு வேறு எதையும் படிக்க ஓடவில்லை. பதில் தெரிந்துவிட்டதுபோலவும் தெரியாததுபோலவும் இருக்கிறது.

பிப்ரவரி 14

சவேரியாளைத் தேடிக் கரைக்குப் போனேன். பகல் பன்னிரண்டு மணி. பெண்கள் ஒவ்வொருவராகக் கடலிலிருந்து ஏறி வந்தார்கள். சேலைக்கு மேல் ஆண் சட்டை, நெற்றியில் ஏற்றிய நீச்சல் கண்ணாடி, இடுப்பில் பாசி மூட்டை. சவேரியாள் கடைசியாக வந்தாள். விரல்களில் சுற்றியிருந்த துணிகளில் இரண்டு சிவந்திருந்தன. இடது காதில் பஞ்சு.

"என்ன டீச்சர், இங்கயும் களை புடுங்கணுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

நான் செய்தித்தாளைப் பிரித்தேன். அழுத்திக் காய்ந்த நாற்பத்தொன்று. இரண்டு மாதமாக நான் தவிர யாரும் பார்க்காதது.

"இதைத்தான் தேடுனேன். அந்த மூலையில இருந்தது."

எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தூரத்திலிருந்தே, "ஊத்துப்பூடு" என்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாருக்கே! குடத்தச் சாச்சு வைக்கும்போது அதோட வெத அடியில ஒட்டும். கால்ல ஒட்டும். ஒரு ஊத்துலருந்து இன்னொரு ஊத்துக்கு நாங்கதான் தூக்கிட்டுப் போறோம். ஊத்து எங்கயோ அங்க இருக்கும். ஊத்து தூந்து மூடிருச்சுன்னா ஒரு மழையோட அதுவும் போயிரும். தெக்குத்தெருப் பக்கம் போர்க்குழா போட்டு ஊத்த விட்டுட்டாக. இப்ப அங்க ஒண்ணு கெடையாது. போய்ப் பாருங்க."

"அப்ப அந்தப் பள்ளம்..."

"எங்க ஊத்து டீச்சர். ஆடி மாசம் நீங்க பூட்டுப் போடுறவரைக்கும் மொண்ட ஊத்து. அதான் இந்த மழைக்கு மொளச்சிருக்கு. அடுத்த மழைக்கு மொளைக்காது, நீங்க கொடத்துல ஊத்துனாலும் சரி, குழாயில ஊத்துனாலும் சரி."

நான் ஊற்றியது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. வேலிக்குள் நடப்பதெல்லாம் வெளியிலிருந்து தெரியும் போலிருக்கிறது.

"தெரிஞ்சும் ஏன் சவேரியாள் பிடுங்கினீங்க?"

கேட்டிருக்கவே கூடாது. அவள் பாசி மூட்டையைக் கீழே போட்டாள்.

"பொங்க அன்னிக்கி மூணு தடவ அடிச்சேன். இத புடுங்கவா, விடவான்னு கேக்க. லிஸ்ட எடுத்துப் பாத்தேன், அதுல இல்ல. ரிப்பனும் இல்ல. இவ்ளோ படிச்ச டீச்சர் நாப்பதுக்குக் கட்டிட்டு இதுக்குக் கட்டலன்னா வேணாம்னுதான இருக்கும்? விட்டுருந்தா, சொன்னத ஏன் செய்யலன்னு கேப்பீக. புடுங்குனதுக்கும் கேட்டீக." பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "கவனமில்லன்னு எழுதுனீகளாமே. அத மட்டும் எழுதாம இருந்துருக்கலாம். வேற எதையாச்சும் எழுதிருக்கலாம். வாயாடின்னு எழுதிருந்தாக்கூட ஒத்துக்குவேன்."

பிப்ரவரி 15

இருபது குடம் ஊற்றினேன்.

பிப்ரவரி 16

ஜனவரி 11-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். 'ஒரு புல்கூட' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. டிசம்பர் 20-ஐயும் படித்தேன். 'இல்ல சார்' என்பதும் என் கையெழுத்துதான். என் பெயருக்கு முன்னால் படகோட்டியின் பெயர் வந்ததற்குப் பன்னிரண்டு வருடம் புழுங்கியவள், ஒருத்தியின் பெயரையே அடித்துவிட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

நல்லபெருமாள் சாருக்கு எழுதினேன். நான்கு முறை கிழித்து, ஐந்தாவது முறை சுருக்கமாக. பட்டியலில் இல்லாத செடி ஒன்று இருந்தது. தெரிந்தே மறைத்தேன். பிடுங்கச் சொன்னது நான். கேட்கப் போன் செய்தபோது எடுக்காததும் நான். சவேரியாள் மீது எழுதிய காரணம் பொய். அவரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். செடி மீண்டும் வர வேண்டுமானால் ஊற்றைத் திறக்க வேண்டும்.

அஞ்சலில் சேர்த்துவிட்டு வந்து, சாப்பிட மறந்து, கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

பிப்ரவரி 23

பதில் வந்தது. மூன்று வரி. உலர்செடித் தாளை உடனே அனுப்ப வேண்டும். பணியாளரைச் சேர்ப்பதில் ஆட்சேபம் இல்லை. என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது, அதைப் பற்றி அலுவலகம் தனியே எழுதும்.

தாளை அனுப்பினேன். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். உள்ளூர்ப் பெயர் என்ற இடத்தில் ஊத்துப்பூடு. தகவல் சொன்னவர் என்று ஒரு இடம் இருக்கிறது. பல வருடங்களாக நான் கோடு போட்டு விட்டுவிடும் இடம். அதில் சவேரியாளின் முழுப் பெயரை எழுதினேன். எல்லாம் அச்சுக்குப் போகுமா என்பது வேறு விஷயம்.

மார்ச் 3

கதவைத் திறந்தேன். பன்னிரண்டு பேரும் வந்தார்கள். சவேரியாள் மூலைக்குப் போய்க் குனிந்து மணலை மோந்து பார்த்தாள். இரண்டு முழம் தோண்டினார்கள். முதலில் வெறும் ஈரம், பிறகு அடியில் கண்ணாடித் துண்டுபோல் கொஞ்சம் தண்ணீர். பிலோமி முதல் சிரட்டையை என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க டீச்சர். ஆறு மாசமாப் பூட்டிவச்ச தண்ணி."

நன்றாகத்தான் இருந்தது. சவேரியாள் என்னிடம் பேசவில்லை. ஆனால் விளிம்பில் நின்று நான் மொள்ளும்போது, "அங்க நிக்காதீக, இங்கிட்டு மிதிங்க, எல்லாப் பக்கமும் மிதிக்கணும்" என்றாள். அது என்னிடம் சொன்னதுதான்.

மார்ச் 12

அலுவலகத்திலிருந்து திருத்திய திட்டம் வந்திருக்கிறது. ஊற்றுக்கு 'பாரம்பரிய நீரெடுப்பு சார்ந்த நுண்வாழிடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாசித்துக் காட்டினேன். பிலோமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குடத்தைத் தூக்கும்போதெல்லாம் "நுண்வாழிடத்துக்குப் போயிட்டு வாரேன்" என்கிறாள்.

நாற்பத்தொன்று முளைக்கவில்லை. நான் இருக்கும்வரை முளைக்காது. மழை வர வேண்டும்.

மார்ச் 30

பெட்டி கட்டிவிட்டேன். வேலிச் சாவியைச் சவேரியாளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பூட்டையும் கழற்றி இரண்டையும் சேர்த்து இடுப்பில் செருகினாள்.

"ஆடு வந்துரும், சவேரியாள்."

"ஆட்ட வெரட்ட வாய் இருக்கு டீச்சர். பூட்டுக்கு வாயில்ல."

காதைப் பற்றிக் கேட்டேன். ஒரு காது இனி அவ்வளவுதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். ஜனவரியில் இரண்டிலும் மணி கேட்டதாகச் சொன்னவள். நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். "பஸ்ஸு வந்துரும், கெளம்புங்க" என்றாள்.

நவம்பர் 16

பல மாதங்களாக இதைத் திறக்கவில்லை. திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் தற்காலிக வேலை. ஒன்பதாம் வகுப்பு, இலையின் பாகங்கள். செப்டம்பரில் ஊத்துப்பூடு பற்றி நல்லபெருமாள் சாரின் கட்டுரை வந்தது. படித்தேன். என் பெயர் எங்கே இருக்கிறது என்று எழுதப் போவதில்லை. சவேரியாளின் பெயர் இல்லை. அந்த இதழின் ஆசிரியர் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. மறுபடி எழுதுவேன்.

இன்று மதிய இடைவேளையில் போன் அடித்தது. வகுப்பில் எடுக்க முடியாது என்று அதைப் பைக்குள் போட்டுவிடுவது வழக்கம். எடுப்பதற்குள் நின்றுவிட்டது. பிறகு ஒரு படம் வந்தது. கொஞ்சம் கலங்கல். மழையில் நனைந்த மணல், ஊற்றின் விளிம்பு, ஒரு வெறுங்காலின் ஐந்து விரல் பதிந்த தடம். அந்தத் தடத்துக்குள், கட்டைவிரல் பள்ளத்தில், இரண்டே இலையோடு ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. பெரிதாக்கிப் பார்த்தேன். இலையின் அடி வெளிறியிருப்பதுபோலத் தெரிந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கூடவே ஒரு குரல் பதிவு. பின்னால் காற்றும், யாரோ சிரிப்பதும்.

"டீச்சர், சவேரியா பேசுறேன். ஒங்க லிஸ்ட்ல இல்லாத ஒண்ணு மொளச்சுக் கெடக்கு. புடுங்கவா, விடவா?"

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வகுப்பில் காத்திருந்தார்கள். நான் வராந்தாவிலேயே நின்று அவளுக்குப் போன் அடித்தேன்.